கேட்டில் தொங்கிய பூட்டு

எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு ஞாயிறு மைக்கைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவார்கள். பாலர் ஞாயிறு என்று பெயர். அன்றைக்குப் பாட்டு எடுப்பது, வேதம் வாசிப்பது, காணிக்கைப் பை பிடிப்பது, ஜெபம் சொல்வது எல்லாமே ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள்தான். மற்ற நாளெல்லாம் "ஏலே, கோயிலுக்குள்ள என்ன சத்தம்?" என்று காதைத் திருகுகிற பெரியவர்கள் அன்றைக்கு மட்டும் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருப்பார்கள். இப்போதும் மைக்கைக் கொடுக்கிறார்கள். ஆனால் பிள்ளைகள் பேசப்போவதை ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், எழுதித் தருகிறார், கமிட்டி அதைப் படித்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் பிள்ளைகள் மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். இந்த ஏற்பாட்டுக்கு நான்தான் காரணம் என்று ஊரில் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். யார் காரணம் என்பது எனக்கும் தெரியும், சொல்கிறவர்களுக்கும் தெரியும்.

சிவகாசியிலிருந்து விஸ்வநத்தம் பக்கமாகப் போகிற வழியில் பிரிகிற ஊர் எங்களுடையது. சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள். சபை சின்னதுதான். முன்வரிசையில் கம்பெனி முதலாளி குடும்பம் உட்காரும், பின்னால் அதே கம்பெனியில் வேலை பார்க்கிற குடும்பங்கள் உட்காரும். முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். சபைக் கமிட்டியிலும் அவர்தான் பெரிய தலை. கோயிலுக்கு ஓடு மாற்றியது, மைக் செட் வாங்கியது, கோபுரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியது எல்லாம் அவர் கைங்கரியம்.

நான் வாரநாட்களில் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பில் போடுகிறேன். எந்தெந்த ஊர்ச் சுவர்களிலோ தொங்கப்போகிற காலண்டர்கள் என் கண்முன்னால் கட்டுக்கட்டாக லோடு ஏறுகின்றன. எல்லாவற்றிலும் ஞாயிற்றுக்கிழமை சிவப்பு. அந்தச் சிவப்பை அடிக்கிற மிஷின் சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் ஓடும், மிஷினோடு நிற்கிற ஆட்களும் நிற்பார்கள். பில் போடுகிறவளுக்கு மட்டும் லீவு உண்டு. அதனால்தான் நான் ஞாயிறுபள்ளி டீச்சர் ஆனேன். வேறு தகுதி எதுவும் என்னிடம் கிடையாது.

இது நடந்த வருஷப் பாடத்தில் நீதியும் இரக்கமும் என்று ஒரு தலைப்பு வந்தது. ஏழைகளை நேசிக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். எங்கள் சபையில் அதைக் கற்றுக்கொடுக்கிற முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி கொண்டுவரும். அதை ஒரு பாத்திரத்தில் சேர்த்து, ஏழைக் குடும்பம் ஒன்றைக் கூப்பிட்டுக் கொடுத்து, பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி ஃபோட்டோ எடுப்பார்கள். முந்தின வருஷம் அப்படிக் கூப்பிட்டது என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தாயை. அந்தப் பிள்ளையின் தகப்பன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், அப்படியே போய்விட்டான். தாய் அண்ணாச்சி கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். மகள் காலையில் ரேஷன் அரிசியில் ஒரு பிடி கொண்டுவந்து பாத்திரத்தில் போட்டாள். மத்தியானம் தாயோடு நின்று அதே பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போனாள். ஃபோட்டோவில் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள்.

அதனால் இந்தத் தடவை அரிசி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "இல்லாதவுகளுக்குக் குடுக்கிறது இரக்கம். அவுககிட்ட இருந்து புடுங்காம இருக்கிறது நீதி. மொதல்ல புடுங்காம இருக்கப் படிப்போம், குடுக்கிறத அப்புறம் பாத்துக்கிடலாம்" என்றேன். பிள்ளைகள் விழித்தன. சரி, கைக்கு எட்டுகிற மாதிரி ஒன்று சொல்வோம் என்று ஓய்வுநாள் சட்டத்தை எடுத்தேன். நீ மட்டும் ஓய்ந்திருந்தால் போதாது, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே ஓய்ந்திருக்க வேண்டும் என்று வேதத்தில் இருக்கிறது. ஏன் என்றும் இருக்கிறது. நீயும் ஒரு காலத்தில் எகிப்தில் அடிமையாகக் கிடந்தவன், அதை மறந்துவிடாதே என்று இருக்கிறது. வீட்டு மாடு, கழுதைக்குக்கூட அன்றைக்கு ஓய்வு உண்டு என்று சொன்னதும் வகுப்பு களைகட்டிவிட்டது.

"மாட்டுக்குமா டீச்சர் லீவு?"

"மாட்டுக்கும்தான். கழுதைக்கும்தான்."

"அப்ப லோடு வண்டிக்கு?"

"வண்டி ஓட்டுற ஆளுக்குத்தாம்லே லீவு. வண்டிக்கு என்ன காலா வலிக்குது?"

ஒரே சிரிப்பு. அண்ணாச்சியின் பேத்தியும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். நல்ல பிள்ளை, ஒரு கெட்டது தெரியாது. அவள் எழுந்து பெருமையாகச் சொன்னாள். "எங்க தாத்தா கம்பெனியிலயும் ஞாயித்துக்கிழம லீவுதான் டீச்சர். கேட்ல பெரிய பூட்டு தொங்கும். நானே பாத்திருக்கேன்."

அவள் பொய் சொல்லவில்லை. பூட்டு தொங்கும்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரம் பின்னுகிறவள் மகள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள், பிறகு குனிந்து பாயில் பிரிந்திருந்த கோரையை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் அவளை ஒன்றும் கேட்கவில்லை.

கேட்க என்ன இருக்கிறது? ஊருக்கே தெரிந்த விஷயம். தீபாவளி நெருங்கினால் ஆர்டர் கழுத்தை நெரிக்கும். ஞாயிற்றுக்கிழமை வேலை வைக்கக்கூடாது, ஒரு ரூமில் இத்தனை பேர்தான் இருக்கலாம், மரத்தடியில் உட்கார வைக்கக்கூடாது என்று சட்டம் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. அதனால் முன்கேட்டில் பூட்டு தொங்கும். பின்பக்கம் முள்வேலியை விலக்கி ஆட்களை உள்ளே விடுவார்கள். ரூமில் இடம் போதாதவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். வெளியாள் யாராவது வந்து கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டுக்கு வீடு பிள்ளைகளைப் பழக்கி வைத்திருப்பார்கள். அம்மா எங்கே என்றால் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காக. கம்பெனி உண்டா என்றால் இல்லை, பூட்டியிருக்கு. அ, ஆ எழுதத் தெரியாத பிள்ளைகூட இதைத் தடங்கலில்லாமல் சொல்லும்.

பாலர் ஞாயிறு வந்தது. சீசன் உச்சத்தில் இருந்த நேரம். ஜெபங்களைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தேன். தேசத்துக்காக ஒருத்தன், நோயாளிகளுக்காக ஒருத்தி, பரீட்சை எழுதுகிறவர்களுக்காக ஒருத்தி. ஏழைகளுக்காக ஜெபிக்கச் சரம் பின்னுகிறவள் மகளைப் போட்டேன். அவளுக்குத்தான் தெளிவான குரல். ஐயர் பெயர்களைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஏழைகளுக்காக ஜெபிக்க வசதியான பிள்ளை யாரையாவது போடலாமே டீச்சர். பொருத்தமா இருக்கும்."

"ஏழைகளப் பத்தி அவளுக்குத்தான் ஐயா நல்லாத் தெரியும்" என்றேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. பேசினால் நான் நிறுத்தமாட்டேன் என்பது அவருக்குப் பழக்கம். பிள்ளையிடம், "எழுதிவச்சுப் படிக்காத தாயி. மனசுல என்ன இருக்கோ அத இயேசப்பாகிட்டச் சொல்லு" என்றேன். இதை நான் எல்லாப் பிள்ளைகளிடமும்தான் சொன்னேன். மற்றவர்கள் வழக்கமான ஜெபத்தை வழக்கமான ராகத்தில் சொல்லிவிட்டு இறங்கினார்கள். இவள் நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்குக் கோயிலில் பின்வரிசைகள் பாதி காலி. முன்வரிசையில் அண்ணாச்சி கஞ்சி போட்ட வேட்டி சட்டையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பிள்ளை மைக்குக்கு எட்டுவதற்காக ஸ்டூலில் ஏறி நின்றாள். கையைக் கூப்பினாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"இயேசப்பா, ஏழைகளுக்காக ஜெபிக்கிறோம். அவுகளுக்குச் சோறு குடுங்க, துணி குடுங்க. எங்க அம்மா இன்னைக்குக் கோயிலுக்கு வரல. கம்பெனில இருக்கா. முன்கேட்டு பூட்டியிருக்கு, அதனால ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. எல்லாரும் பின்னாடி வேலி வழியாத்தான் போனாக. வேப்பமரத்தடியில உக்காந்து சரம் பின்னுறாக. மாட்டுக்கெல்லாம் லீவு குடுத்தீகள்ல, எங்க அம்மாவுக்கும் ஒரே ஒரு ஞாயித்துக்கிழம லீவு குடுங்க இயேசப்பா. நான் அவ பக்கத்துல உக்காந்து பாட்டுப் படிக்கணும். ஆமென்."

ஆமென் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. குழாய் ஸ்பீக்கர் மட்டும் கடைசி வார்த்தையைத் தெருவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், காய்கறி வண்டிக்காரர் எல்லாரும் கேட்டார்கள். ஐயர் பாய்ந்து போய் மைக்கைப் பிடித்து, "பரமண்டல ஜெபம் சொல்லுவோம்" என்றார். சபை மொத்தமும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று மனப்பாடமாக வருகிற அதற்குள் போய் ஒளிந்துகொண்டது. அந்த ஜெபத்தை அவ்வளவு சத்தமாக எங்கள் கோயிலில் நான் கேட்டதே இல்லை.

உடம்பெல்லாம் புல்லரித்துப் போய் நின்றேன். பயமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. பொய் எதற்குச் சொல்ல வேண்டும்? அந்த நிமிஷத்தில் சந்தோஷம்தான் கூட இருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அண்ணாச்சி வாசலில் நின்று எல்லாருக்கும் கைகூப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "பிள்ளைய ரொம்ப நல்லாப் பழக்கியிருக்கீக டீச்சர்" என்றார். அம்புட்டுத்தான். குரலில் ஒரு கீறல் கிடையாது.

மறுநாள் திங்கட்கிழமை கம்பெனியை நிஜமாகவே பூட்டிவிட்டார்கள். குழாய் ஸ்பீக்கரில் போனது சூலக்கரை கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போயிருந்தால் என்ன ஆவது என்ற பயம். வேனில் வந்து இறங்கிய பொம்பளைகளைப் போர்மேன் கேட்டிலேயே நிறுத்தி, "ஜெபம் பண்ணுனீகள்ல? ஆண்டவர் லீவு குடுத்துட்டாரு. போயி நல்லா அனுபவிங்க" என்று சொல்லியிருக்கிறான். சீசனில் வேலை இல்லை என்றால் இந்தப் பக்கத்து வீடுகளில் என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. தீபாவளி முடிந்ததும் மழை வந்துவிடும், வேலை குறைந்துவிடும். சீசனில் சேர்த்ததை வைத்துத்தான் மிச்ச மாசங்களை ஓட்ட வேண்டும்.

அந்த வாரம் முழுக்கத் தண்ணீர்க் குழாயடியில் அந்தத் தாய்க்கு நடந்தது அர்ச்சனைதான். ஒருத்தி அவள் குடத்தை எடுத்து வரிசைக்கு வெளியே வைத்திருக்கிறாள். இன்னொருத்தி, "ஓம் மக வாய்க்குத் திரி வச்சுக் கொளுத்து" என்று சொல்லியிருக்கிறாள். எல்லாரும் எங்கள் சபை ஆட்கள்தான், பக்கத்துப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவர்கள். அண்ணாச்சியைப் பற்றி ஒருத்தி ஒரு சொல் பேசவில்லை. பேசினால் அவர் காதுக்குப் போய்விடும். தாயைப் பேசினால் யார் காதுக்குப் போகும்?

வாரக் கடைசியில் எல்லாரையும் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள், அவளைத் தவிர. வேனில் ஏறப் போனவளை, "ஒனக்கு இன்னும் லீவு முடியல" என்று டிரைவர் இறக்கிவிட்டிருக்கிறான். அன்று சாயங்காலம் அவள் மகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தாள். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். உள்ளே வா என்றேன், வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றாள்.

"டீச்சர், நான் ஒங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்? சொல்லுங்க."

"நீ ஒண்ணும் செய்யல. ஒம் பிள்ளையும் தப்பா ஒண்ணும் சொல்லல."

"தப்பா சொல்லலன்னுதான நானும் சொல்றேன். உள்ளதத்தான சொன்னா. அதுதான வென. இம்புட்டு நாளா வெளியாளு யாரு வந்து கேட்டாலும் ஒழுங்கா பதில் சொன்ன பிள்ள டீச்சர் இவ. அன்னைக்கு என்ன வந்துச்சுன்னு கேட்டு நாலு அடி அடிச்சேன். என்ன சொல்றா தெரியுமா?" என்று மகளைப் பார்த்தாள். தாயே சொன்னாள். "வெளியாளு கேட்டாத்தானம்மா பூட்டியிருக்குன்னு சொல்லச் சொன்ன, இயேசப்பா வெளியாளான்னு கேக்கா. நான் என்னத்தச் சொல்ல?"

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டு அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளே மறுபடி பேசினாள். "எனக்கு மட்டும் கோயில்ல வந்து உக்காரணும்னு ஆசை இல்லையா டீச்சர்? இந்த நீதி நியாயத்த எல்லாம் சீசன் முடிஞ்சு சொல்லிக் குடுத்திருக்கக் கூடாதா? நீங்க சிவகாசியில நாற்காலியில உக்காந்து பில்லு போடுறீக. ஒங்களுக்கு ஞாயித்துக்கிழம, ஞாயித்துக்கிழமயாத்தான் இருக்கும்."

கோபம் எனக்கு அவள் மேல் இல்லை. மறுநாளே அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். முன்னறையில் சாய்வு நாற்காலிக்கு மேலே, இரக்கமுள்ளவர்களைப் பற்றிய வசனம் தங்க எழுத்தில் ஃப்ரேம் போட்டுத் தொங்கியது. எங்கள் அச்சகத்தில் அடித்ததுதான். "வாங்க டீச்சர், வாங்க, காப்பி சாப்பிடுங்க" என்று அவரே எழுந்து நின்று வரவேற்றார். மரியாதையில் ஒரு குறை வைக்கமாட்டார்.

"அந்தப் பொம்பளைய வேலைக்கு எடுக்கணும் அண்ணாச்சி. பிள்ள சொன்னதுக்குத் தாய் என்ன செய்வா?"

"டீச்சர், நான் ஒரு ஞாயித்துக்கிழமகூடக் கோயிலத் தவறவிட்டதில்ல. அன்னைக்குக் கம்பெனிப் பக்கம் என் கால் போகாது. ஃபோன்கூட எடுக்கமாட்டேன். அது ஆண்டவருக்குத் தெரியும். கம்பெனிய உள்குத்தகைக்கு விட்டிருக்கு. அங்கன அவன் யாரை வச்சு என்ன வேல வாங்குறான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்ல தொங்குற பூட்டு ஒங்க பூட்டுதான அண்ணாச்சி?"

அவர் சத்தமாகச் சிரித்தார். "டீச்சர் கோவக்காரவுகன்னு சொல்வாக. சரியாத்தான் இருக்கு." பிறகு காப்பியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "எனக்கு அந்தப் பிள்ள மேல என்ன வருத்தம்? எம் பேத்தியோட படிக்கிற பிள்ள. இந்தப் பொம்பளைக அதுகளா வந்து, ஞாயித்துக்கிழமயும் வேல குடுங்க அண்ணாச்சின்னு அழுகுதுக. குடுக்கலன்னா ஈவு இரக்கம் இல்லாதவன்னு சொல்லுதுக. குடுத்தா இப்படி. நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க. பாத்துக்கிடலாம். ஆனா ஒண்ணு. மைக்ல சொன்னத மைக்லதான் சரி பண்ணணும்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "பிள்ளைய ஆண்டவர்கிட்ட பொய் சொல்லச் சொல்றீகளா? அது நான் இருக்கிறவரைக்கும் நடக்காது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, காப்பியைத் தொடாமல் வந்தேன். வழியெல்லாம் என்னை நானே மெச்சிக்கொண்டு வந்தேன். யார் முகத்தைப் பார்த்து யார் பேசியது என்று நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

ஆனால் நான் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அந்தத் தாயே ஐயரிடம் போய்ச் சம்மதம் சொல்லிவிட்டாள். தெருவில் என்னைப் பார்த்தபோது நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள். "ஒங்க கோவத்த வச்சு நான் ஒல வைக்க முடியாது டீச்சர்." அவள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. என் ரோஷத்தை அவள் ஏன் சுமக்க வேண்டும்?

ஐயர் புது ஜெபம் எழுதினார். பிள்ளையைத் தயார் செய்யுங்கள் என்று என்னிடம் நீட்டினார், வாங்கவில்லை. தாயே உட்கார்ந்து மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். படிக்கத் தெரியாதவள், பக்கத்து வீட்டுப் பையனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டுத் தானும் மனப்பாடம் செய்து மகளுக்கும் ஏற்றிவிட்டாள்.

அதற்கடுத்த ஞாயிறு கோயில் நிரம்பி வழிந்தது. அன்றைக்கு மட்டும் கம்பெனிக்கு உள்ளும் புறமும் நிஜ லீவு. வேலி வழியாகப் போகிறவர்கள் எல்லாரும் கோயில் வழியாக வந்திருந்தார்கள். அந்தப் பிள்ளை கேட்ட வரம் அன்றைக்குக் கிடைத்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள், ஒரே புத்தகத்தைப் பிடித்து இரண்டு பேரும் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் தாய் அவள் முதுகில் கை வைத்து மெல்லத் தள்ளினாள். பிள்ளை எழுந்து போய் ஸ்டூலில் ஏறினாள்.

எங்களுக்கு வேலையும் ஆகாரமும் தருகிற நல்ல எஜமான்களுக்காக உமக்கு ஸ்தோத்திரம் என்றாள். அவர்கள் வியாபாரத்தை ஆசீர்வதியும் என்றாள். விவரம் அறியாத சிறுபிள்ளையாகிய நான் பிழையாகப் பேசியதை மன்னித்தருளும் என்றாள். ஒரு இடத்தில் திக்கவில்லை, ஒரு சொல் விடவில்லை. கண்ணை மட்டும் மூடவில்லை. திறந்த கண்ணோடு தாயையே பார்த்துச் சொன்னாள். தாயின் உதடும் கூடவே அசைந்தது. சபை முழுக்க ஆமென் சொன்னது, சிலர் கைதட்டினார்கள். அண்ணாச்சி கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். நடிப்பு இல்லை, நிஜமான கண்ணீர். எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். அந்த மனிதர் உருகிவிட்டார்!

திங்கட்கிழமை அவளை வேனில் ஏற்றிக்கொண்டார்கள். அதோடு விட்டார்களா? இல்லை. கமிட்டி கூடி, உழைக்கிற மக்கள் ஆராதனையை இழந்துவிடக் கூடாது என்று யோசித்து, சீசன் முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலையில் ஒரு தனி ஆராதனை வைத்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் அதில் கலந்துகொண்டு அப்படியே போகலாம். ஆராதனை முடிந்ததும் டீயும் பன்னும் அண்ணாச்சி உபயம். முதல் நாள் ஐயர் பிரசங்கம் செய்தது ஏழைகள் மேல் இரக்கம் என்ற தலைப்பில். உதாரணமாகச் சொன்னது இந்த ஏற்பாட்டையேதான். வெளியே கோயில் வாசலை ஒட்டி வேன் நின்றது. பன்னைக் கையில் பிடித்துக்கொண்டே ஏறினார்கள். போகிற இடத்தில் முன்கேட்டில் பூட்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

என்னை ஞாயிறுபள்ளியிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் பேச்சாகிவிடும் என்று விட்டுவிட்டார்கள். நீதியும் இரக்கமும் பாடத்துக்குப் பதிலாக நோவாவின் பேழைப் படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லிப் படங்கள் கொடுத்தனுப்பினார்கள். பிள்ளைகள் ஆனைக்கும் ஒட்டகத்துக்கும் கலர் அடித்துக்கொண்டிருந்தன. நானும் விலகிப் போயிருக்கலாம். போனால் அந்தப் பிள்ளை முகத்தில் விழிக்க வேண்டியிருக்காது. அதற்காகவே போகாமல் இருந்தேன்.

அந்தச் சீசனின் கடைசி ஞாயிறு. விடியற்கால ஆராதனை முடிந்து, தாய் மகள் தலையைத் தடவிவிட்டு வேனில் ஏறிப் போனதை நானே வாசலில் நின்று பார்த்தேன். பிள்ளை வேன் திரும்புகிறவரைக்கும் கையை ஆட்டிவிட்டு வகுப்புக்கு வந்து உட்கார்ந்தாள். வகுப்பு முடிவில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வரி ஜெபம் சொல்வது எங்கள் வழக்கம். மைக் கிடையாது, ஐயர் கிடையாது, நானும் பிள்ளைகளும் மட்டும்தான். ஒருத்தன் அண்ணன் காய்ச்சலுக்காகச் சொன்னான். அண்ணாச்சி பேத்தி தன் நாய்க்குட்டிக்காகச் சொன்னாள். இவள் முறை வந்தது. கண்ணை மூடினாள். பேசாமல் இருந்தாள். அவசரமில்லை என்று நானும் காத்திருந்தேன். இங்கே சொல்வாள், நம்மிடம் என்ன பயம் என்று நினைத்தேன்.

"இயேசப்பா," என்றாள், விசாரிக்க வருகிற வெளியாளுக்குப் பதில் சொல்கிற அதே குரலில். "இன்னைக்குக் கம்பெனி இல்ல. பூட்டியிருக்கு. எங்க அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காக. ஆமென்."

பிள்ளைகள் எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.